பட்டாளத்தில் புகார் கொடுப்பது எப்படி: வீடியோ எடுப்பதற்கு முன்னால் படிக்க வேண்டிய முழு வழிகாட்டி

போன மாதம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்குச் சொந்தக்காரப் பையன் ஒருவன் போன் பண்ணினான். வடக்கே ஒரு யூனிட்டில் சிப்பாய், சேர்ந்து ஐந்து வருஷம் ஆகப்போகிறது. தங்கை கல்யாணத்துக்குக் கேட்ட லீவு இரண்டு தடவை வெட்டுப்பட்டது. மூன்றாவது தடவை கேட்கப்போன இடத்தில் பிளட்டூன் ஹவில்தார் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டார். "சித்தப்பா, யூனிபார்மோட உட்கார்ந்து எல்லாத்தையும் பேசி வீடியோ போட்டுடவா?" என்றான். போனை வைத்துவிட்டுத் தூங்கு, காலையில் பேசலாம் என்றேன்.

காலையில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் தரைப்படையில் கிளார்க்காக இருந்து ஹவில்தாராக பென்ஷன் வந்தவன். புகார்கள் என் மேஜையைத் தாண்டித்தான் மேலே போகும், பதிலும் அதே மேஜைக்குத்தான் திரும்பி வரும். நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தும் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன், அரைகுறை நியாயத்தோடு ஜெயித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் பெரும்பாலும் ஒரு காகிதமும் அதில் இருந்த தேதியும்தான்.

முதலில் வீடியோ கதையை முடித்துவிடுவோம்

அரசியலமைப்பின் 33-வது பிரிவு, படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதன்படிதான் 1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவும், 1954-ம் ஆண்டு ராணுவ விதிகளில் 19 முதல் 21 வரையும் இருக்கின்றன. சங்கம் சேர முடியாது, அரசியல் கூட்டத்துக்குப் போக முடியாது, பட்டாள விஷயம் எதையும் அனுமதியில்லாமல் பத்திரிகைக்கோ பொதுவெளிக்கோ கொண்டுபோக முடியாது. நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் சொன்ன இடம் தப்பு என்று உங்கள் மேலேயே சார்ஜ் வரும்.

2017 ஜனவரியில் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீர் மாதிரி இருந்த பருப்பையும் காட்டிப் போட்ட வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது ஞாபகம் இருக்கும். சில மாதத்தில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஜனவரியில் அப்போதைய தரைப்படைத் தளபதி பிபின் ராவத், தலைமையகங்களில் குறைதீர்ப்புப் பெட்டி வைக்கிறோம், சமூக ஊடகத்துக்குப் போகாதீர்கள் என்று சொன்னார், போனால் நடவடிக்கை வரலாம் என்றும் எச்சரித்தார். இது சரியா தப்பா என்று விவாதிக்க நிறைய இருக்கிறது, எனக்கும் கருத்து உண்டு. ஆனால் இன்றைக்குச் சிக்கலில் இருக்கும் பையனுக்கு அந்த விவாதம் சோறு போடாது.

எந்தச் சட்டம் உங்களுக்கு?

தரைப்படை என்றால் 1950 ராணுவச் சட்டம். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை 26-வது பிரிவு, ஆபீசர்களுக்கு 27-வது பிரிவு. விமானப்படைச் சட்டத்திலும் இதே எண்கள்தான், 26, 27. கடற்படைக்கு 1957-ம் ஆண்டுச் சட்டத்தின் 23-வது பிரிவு. அக்னிவீர்களுக்கும் இதே சட்டங்கள்தான், நாலு வருஷம்தானே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப், ஐடிபிபி போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. அவர்களுக்குத் தனிச் சட்டம், தனி வழி. நான் கீழே சொல்லும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அவர்களுக்குக் கிடையாது, உயர் நீதிமன்றம்தான். ஊரில் எல்லாரையும் "மிலிட்டரிக்காரர்" என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

படி 1: உங்கள் குறை எந்த ரகம் என்று பாருங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. சம்பளம் குறைந்தாலும், ஏசிஆர் (வருடாந்திர ரகசிய மதிப்பீடு) கெட்டாலும், ஹவில்தார் திட்டினாலும், ஊரில் பங்காளி வேலியை நகர்த்தினாலும் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டி மேலே அனுப்பினால் அது எந்த டேபிளுக்கும் சொந்தமில்லாத கடிதமாகிவிடும்.

ஒரு நாயக் வந்தார். நாலு பக்கக் கடிதம், ஹிந்தியில், கோபத்தில் பேனா பேப்பரைக் கிழித்திருந்தது. கம்பெனி ஆபீசில் இருப்பவர்கள் தமிழன் என்பதால் தன்னை ஒதுக்குகிறார்கள், ஒன்றரை வருஷமாகப் பிள்ளைப் படிப்புக்கான அலவன்ஸ் தராமல் இழுக்கிறார்கள், இன்னாருக்கு மட்டும் உடனே வந்தது, இப்படிப் போனது கடிதம். உட்காரவைத்து டீ சொல்லிவிட்டு ரெகார்டை எடுத்துப் பார்த்தால், இரண்டாவது மகள் பிறந்த விவரத்துக்குப் பார்ட் டூ ஆர்டரே (குடும்ப, பணி விவரங்களைப் பட்டாள ரெகார்டில் ஏற்றும் உத்தரவு) போடவில்லை. பட்டாளத்தின் கணக்கில் அந்தக் குழந்தை இன்னும் பிறக்கவே இல்லை, அப்புறம் அலவன்ஸ் எப்படி வரும்? பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு இனிஷியல் ஒன்று கூடுதலாக இருந்ததால் ரெகார்ட் ஆபீஸ் திருப்பி அனுப்பியிருந்தது, அந்தத் திருப்பிய காகிதம் ஒரு பைலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. தூங்கவிட்டது ஆபீஸ் தப்புதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேவைப்பட்டது ஒரு அஃபிடவிட்டும் ஒரு பார்ட் டூ ஆர்டரும். நாலு பக்கக் கடிதம் போயிருந்தால் விசாரணை வைத்து, எல்லாரும் பகையாகி, கடைசியில் இதே அஃபிடவிட்டில்தான் வந்து நின்றிருக்கும்.

அதனால் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் சம்பந்தப்பட்டது என்றால் முதலில் மாதச் சம்பளச் சீட்டை எடுங்கள், எந்த மாதத்திலிருந்து எந்த வரி குறைகிறது என்று பென்சிலால் குறியுங்கள், அதற்குரிய பார்ட் டூ ஆர்டர் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். வந்திருந்தால் கேள்வி உங்கள் ரெஜிமென்ட் சென்டரோடு இருக்கும் பே அக்கவுன்ட்ஸ் ஆபீசுக்குப் போகும். ஆபீசர்களுக்கு அது புனேயில் இருக்கும் கணக்கு அலுவலகம். இவை கணக்குத் தகராறுகள். யாரோ ஒருவர் உங்களுக்கு அநியாயம் செய்தார் என்பதுதான் 26-வது பிரிவுக்குரிய புகார்.

படி 2: வாய்மூலம், ஆனால் முறைப்படி

பிளட்டூனில் ஆரம்பித்து, சீனியர் ஜேசிஓ சாப் (சுபேதார் மாதிரி ஜவானுக்கும் ஆபீசருக்கும் நடுவில் இருப்பவர்), கம்பெனி கமாண்டர் என்றுதான் போக வேண்டும். நேரே சிஓ, அதாவது யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர், ஆபீஸ் கதவைத் தட்டுவது சினிமாவில் நன்றாக இருக்கும்.

கேட்க வேண்டியது ‘இன்டர்வியூ’, அதாவது நேரில் பேச நேரம். "கம்பெனி கமாண்டர் சாப் இன்டர்வியூ வேண்டும், சொந்த விஷயம்" என்று சொன்னால் போதும். என்ன விஷயம் என்று நடுவில் இருப்பவர் நோண்டினால் தலைப்பை மட்டும் சொல்லுங்கள், லீவு விஷயம், குடும்ப விஷயம் என்று. கேட்ட தேதி, யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது, மூன்றையும் சொந்த டைரியில் அன்றைக்கே எழுதிவிடுங்கள். அந்த டைரி சட்டப்படி பெரிய ஆவணம் ஒன்றும் இல்லைதான். ஆனால் எட்டு மாதம் கழித்து "நீ எங்களிடம் வந்து கேட்கவே இல்லையே" என்று யாராவது சொல்லும்போது, "மார்ச் 4, செவ்வாய், மாலை ரோல் காலுக்கு அப்புறம்" என்று சொல்பவனை நம்புவது எளிது.

சிஓ எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசும் தர்பாரில் எழுந்து கேட்கலாமா? கேட்கலாம், "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா" என்று அங்கே கேட்பார்கள். பொதுவான குறைகளுக்கு, அதாவது லங்கர் (சமையல்கூடம்) சாப்பாடு, குவார்ட்டர்ஸில் தண்ணீர், கேன்டீன் நேரம் இவற்றுக்கு தர்பார் நல்ல இடம். ஒரு ஆளின் மேல் குற்றச்சாட்டு என்றால் முந்நூறு பேர் முன்னால் சொல்லாதீர்கள், அவருக்கும் உங்களுக்கும் இறங்கிவர வழியில்லாமல் போய்விடும்.

இதற்கிடையில் கொடுத்த உத்தரவைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். "என் புகார் பெண்டிங்கில் இருக்கிறது, அதுவரை கார்டு டியூட்டி போக மாட்டேன்" என்று சொன்ன நிமிஷமே 41-வது பிரிவு, கீழ்ப்படியாமை. லீவு தரவில்லை என்று சொல்லாமல் கிளம்பினால் 39-வது பிரிவு. உங்கள் புகார் அப்போதே செத்துவிடும், எல்லாரும் உங்கள் குற்றத்தைப் பற்றித்தான் பேசுவார்கள்.

படி 3: எழுத்தில் கொடுப்பது

வாய்ப்பேச்சில் நியாயமான அவகாசம் கொடுத்தும் நடக்கவில்லை என்றால் எழுதுங்கள். இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ எழுதுவதுதான் நடைமுறை. மொழி வராது என்றால் நம்பிக்கையான ஒருவரிடம் தமிழில் சொல்லி எழுதி வாங்குங்கள், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

யாருக்கு எழுதுவது? 26-வது பிரிவு சொல்வது இதுதான்: கம்பெனியோடு சேர்ந்தவர் கம்பெனி கமாண்டருக்கு எழுத வேண்டும். கம்பெனியில் இல்லாதவர், தான் யார் கட்டளையின் கீழ் இருக்கிறாரோ அந்த ஆபீசருக்கு. புகாரே அந்த ஆபீசர் மேல்தான் என்றால் அவருக்கு அடுத்த மேலதிகாரிக்குக் கொடுக்கலாம், இந்த உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. வாங்கிய ஆபீசர் முடிந்தவரை முழுமையாக விசாரித்துப் பரிகாரம் கொடுக்க வேண்டும், அல்லது மேலே அனுப்ப வேண்டும். ‘வேண்டும்’ என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, ‘விருப்பப்பட்டால்’ என்று இல்லை.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்? நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, தேதி. அப்புறம் நடந்தது, நடந்த வரிசையில், தேதி நேரம் இடத்தோடு. யார் பார்த்தார்கள். எந்த உரிமை மறுக்கப்பட்டது. இதுவரை யாரிடம் எப்போது சொன்னீர்கள். கடைசியாக உங்களுக்கு என்ன வேண்டும். இந்தக் கடைசி வரியைத்தான் பத்தில் எட்டுப் பேர் விட்டுவிடுவார்கள். "நியாயம் வேண்டும்" என்று எழுதினால் எந்த அதிகாரியாலும் அதில் கையெழுத்துப் போட முடியாது. "இந்தத் தேதியிலிருந்து நிறுத்தப்பட்ட இந்த அலவன்ஸை நிலுவையோடு தர வேண்டும்" என்று எழுதினால் ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டும்.

‘கொடுமைக்காரர்’, ‘லஞ்சப் பேய்’, ‘குடிகாரர்’ மாதிரி சொற்கள் வேண்டாம். மரியாதைக்காக இதைச் சொல்லவில்லை. 56-வது பிரிவின்படி, புகாரில் இன்னொருவரின் நடத்தையைப் பாதிக்கும் பொய்யைத் தெரிந்தே எழுதினாலோ, முக்கியமான உண்மையை வேண்டுமென்றே மறைத்தாலோ அதுவே குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. உங்கள் பக்கத் தப்பு ஏதாவது இருந்தால், உதாரணமாக நீங்களும் பதிலுக்குக் கத்தியிருந்தால், அதை நீங்களே ஒரு வரியில் எழுதிவிடுவது நல்லது. எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் மீதி உண்மையும் சந்தேகத்துக்குள் போய்விடும்.

ஒரு கடிதத்தில் ஒரு குறை, ஒருவர் கையெழுத்து. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். லங்கர் சாப்பாடு மோசம் என்று முப்பது பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பது ஊரில் நல்ல காரியம், கலெக்டர் ஆபீசில் வரவேற்பார்கள். பட்டாளத்தில் கூட்டு மனு கூடாது. அதை ஒருவன் குறையாகப் பார்க்க மாட்டார்கள், கூட்டுச் சேர்வதாகத்தான் பார்ப்பார்கள், அதற்கு அடுத்த வீட்டில்தான் 37-வது பிரிவு, கலகம், குடியிருக்கிறது. முப்பது பேருக்கும் குறை என்றால் அவரவர் தனித்தனியாகச் சொல்லலாம்.

மொட்டைக் கடிதமும் வேண்டாம். அதற்குப் பரிகாரம் கிடைக்காது, யார் எழுதியது என்று தேடும் வேட்டைதான் நடக்கும். கையெழுத்தை வைத்து, பேனா மையை வைத்து, தபால் முத்திரையை வைத்தெல்லாம் தேடுவார்கள். எம்எல்ஏ, எம்பி சிபாரிசும் வெளி அழுத்தம் என்று எதிராகத்தான் திரும்பும். வீட்டம்மா பெயரில் ராஷ்டிரபதிக்கும் பாதுகாப்பு அமைச்சருக்கும் கடிதம் போடுவது நம் ஊர்ப்பக்கம் பிரபலம். அந்தக் கடிதங்கள் எல்லாம் அழகான கவரில், கருத்து கேட்டு, கடைசியில் உங்கள் யூனிட் கிளார்க் மேஜைக்கே வந்து சேரும். எத்தனை பிரித்திருக்கிறேன்!

கடிதத்தைக் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றில் வாங்கியவர் கையெழுத்து, தேதி, டயரி நம்பர் (ஆபீஸ் பதிவேட்டு எண்) போட்டு வாங்குங்கள். தரவில்லையா? சண்டை போட வேண்டாம். பத்துப் பதினைந்து நாள் கழித்து "இன்ன தேதியில் நான் கொடுத்த விண்ணப்பம் தொடர்பாக" என்று நினைவூட்டல் கொடுங்கள். லீவில் ஊருக்கு வந்திருந்தால் அதே அதிகாரியின் பதவிப் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரசீது பின்னால் எவ்வளவு பெரிய பொருள் ஆகும் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஆதாரம் என்று சொல்லி யூனிட் பைல்களையும் ரகசிய முத்திரை உள்ள ஆர்டர்களையும் போட்டோ எடுக்காதீர்கள். உங்களுக்கென்று கொடுக்கப்பட்ட காகிதத்தின் பிரதி போதும், மீதிக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. முப்படைகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. எல்லைப் பாதுகாப்புப் படை, சிஆர்பிஎஃப் மாதிரியான துணைப் படைகளுக்கோ ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றவற்றில் விலக்கு உண்டு.

படி 4: ஸ்டாட்யூட்டரி கம்ப்ளெய்ன்ட்

கீழ்மட்டத்தில் தீரவில்லை அல்லது நிராகரித்துவிட்டார்கள் என்றால் அடுத்து ஸ்டாட்யூட்டரி புகார், அதாவது சட்டப்படி மேல்மட்டத்துக்குக் கொண்டுபோகும் புகார். ‘இது 26-வது பிரிவின் கீழான புகார்’ என்று தலைப்பிலேயே எழுதுங்கள். ஜவான்கள், ஜேசிஓக்கள் புகார் தரைப்படைத் தளபதி வரை போகலாம், அவர் முடிவையும் மத்திய அரசு திருத்த முடியும். ஆபீசர் என்றால் முதலில் தன் சிஓவிடம் முறையிட்டு, பரிகாரம் இல்லாவிட்டால் 27-வது பிரிவில் மத்திய அரசுக்கே. ஏசிஆர், பிரமோஷன் மறுப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் முட்டிமோதுகின்றன.

இதுவும் சரியான வழியாகத்தான், அதாவது யூனிட் மூலமாகத்தான் போகும். ஒவ்வொரு மேல்மட்டமும் தன் கருத்தை எழுதி அடுத்த மட்டத்துக்கு அனுப்பும். மெதுவாக நகரும். பொறுமை போகும், போகட்டும், ஆனால் காலண்டரில் ஒரு நாளை வட்டம் போடுங்கள்: கொடுத்த தேதியிலிருந்து சரியாக ஆறு மாதம்.

படி 5: ஆயுதப்படைத் தீர்ப்பாயம்

2007-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, 2009 ஆகஸ்டிலிருந்து இயங்குகிறது. டெல்லியில் முதன்மை அமர்வு, சென்னை உட்படப் பல ஊர்களில் மண்டல அமர்வுகள். ஒரு நீதித்துறை உறுப்பினரும் படையில் உயர் பொறுப்பில் இருந்த ஒரு உறுப்பினரும் உட்கார்ந்து கேட்பார்கள்.

உள்ளே இருக்கும் வழிகளை முடித்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்கிறது அந்த 2007 சட்டத்தின் 21-வது பிரிவு. எப்போது முடிந்ததாக அர்த்தம்? இறுதி உத்தரவு வந்துவிட்டால் முடிந்தது. உத்தரவே வராமல் ஆறு மாதம் போய்விட்டாலும் முடிந்தது. அதனால்தான் அந்த டயரி நம்பரையும் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் பத்திரப்படுத்தச் சொன்னேன், அது இல்லாமல் ஆறு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

அப்புறம் அதே சட்டத்தின் 22-வது பிரிவு. இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், உத்தரவு வராவிட்டால் அந்த முதல் ஆறு மாதம் முடிந்ததிலிருந்து இன்னொரு ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். மனுவை நீங்கள் இப்போது பணியில் இருக்கும் இடத்துக்குரிய அமர்விலோ, பிரச்சினை நடந்த இடத்துக்குரிய அமர்விலோ போடலாம். பென்ஷன் வந்தவர் குடியிருக்கும் ஊருக்குரிய அமர்வில் போடலாம். அதனால் லடாக்கில் ரிட்டயர் ஆனவர் திருநெல்வேலியில் இருந்துகொண்டு சென்னையில் வழக்கு நடத்தலாம்.

இங்கே போக முடியாதவை சில இருக்கின்றன, நிறைய பேர் வக்கீலுக்குப் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். டிரான்ஸ்பர், போஸ்டிங், எந்த வகை லீவும் தீர்ப்பாயத்தின் ‘பணி விஷயங்கள்’ பட்டியலில் இல்லை. சம்மரி கோர்ட் மார்ஷல் (சிஓவே நடத்தும் ராணுவ நீதிமன்றம்) என்றால் டிஸ்மிஸ் அல்லது மூன்று மாதத்துக்கு மேல் சிறை கிடைத்திருந்தால்தான்.

தீர்ப்பாயத்திலும் தோற்றால்? உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு உண்டு, ஆனால் பொது முக்கியத்துவம் உள்ள சட்டக் கேள்வி இருக்க வேண்டும், அந்த வாசல் குறுகலானது. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்பதில் 2015-ல் உச்ச நீதிமன்றம் கதவை ஏறக்குறையச் சாத்தியது, 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் போகவில்லை என்று மறுபடி திறந்தது. பழைய யூடியூப் வீடியோ பார்த்துவிட்டு ‘ஹைகோர்ட் கிடையாது’ என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடி விழுந்தால்

தனக்குக் கீழே இருப்பவரை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ ஆபீசர், ஜேசிஓ, என்சிஓ (நாயக், ஹவில்தார்) யாராக இருந்தாலும் ராணுவச் சட்டத்தின் 47-வது பிரிவில் குற்றம், ஏழு வருஷம் வரை தண்டனை. "டிரெயினிங்கில் இதெல்லாம் சகஜம்" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. திருப்பி அடித்தால் மட்டும் 40-வது பிரிவில் நீங்கள் மாட்டுவீர்கள், அதன் தண்டனை இன்னும் பெரிது. கையைக் கட்டிக்கொண்டு நேரே எம்ஐ ரூமுக்கு (யூனிட் மருத்துவ அறை) போய் டாக்டரிடம் காட்டுங்கள், எப்படி வந்த காயம் என்று உண்மையைச் சொல்லி எழுதவையுங்கள். ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்’ என்று முதல் நாள் சொல்லிவிட்டு மூன்றாவது நாள் மாற்றினால் எதுவும் நிற்காது.

உங்கள் மேலேயே விசாரணை வந்தால்

கோர்ட் ஆஃப் என்குவைரியில் (நடந்தது என்ன என்று பார்க்கும் ராணுவ விசாரணை) உங்கள் பெயருக்கோ நடத்தைக்கோ களங்கம் வரும் நிலை இருந்தால், ராணுவ விதி 180-ன்படி விசாரணை முழுக்க நீங்கள் உடன் இருக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், உங்கள் சாட்சியைக் கூப்பிடவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும். பின்னால் எத்தனையோ வழக்குகள் இந்த ஒரு விதியை மீறியதாலேயே விழுந்திருக்கின்றன. சிஓ முன்னால் சார்ஜ் கேட்கும்போது விதி 22-ன்படியும் சாட்சியிடம் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. "மார்ச் இன், கில்டி, மார்ச் அவுட்" என்று ஒரு நிமிஷத்தில் முடிந்தால், அங்கே என்ன நடந்தது, என்ன கேட்டார்கள், கேள்வி கேட்க விட்டார்களா என்று வெளியே வந்ததும் எழுதிவையுங்கள். கோர்ட் மார்ஷல் தண்டனைக்கு எதிரான மனு ராணுவச் சட்டத்தின் 164-வது பிரிவில்.

பெண்கள்

பாலியல் தொல்லை என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டம் படைக்கும் பொருந்தும். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் உள் விசாரணைக் குழுவுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும், காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். யூனிட் வரிசைப்படி சிஓவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

ஊர்ப் பிரச்சினை

நிலத் தகராறும் வீட்டுத் தகராறும்தான் ஜவான் மனதை அதிகம் தின்கின்றன. இதற்கு சிஓ வழியாக மாவட்ட ஆட்சியருக்கோ எஸ்பிக்கோ கடிதம் போடவைக்கலாம், பெரும்பாலான சிஓக்கள் தயங்காமல் போடுவார்கள். பட்டா எண், சர்வே எண், எதிர்த்தரப்பு பெயர், காவல் நிலையம் எல்லாம் எழுதிக் கொடுங்கள், "எங்கள் நிலத்தை அபகரிக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் ஒன்றும் புரியாது. அந்தக் கடிதத்தின் பிரதியோடு வீட்டிலிருந்து யாராவது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கும், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் போகட்டும்.

கோர்ட்டில் வழக்கு இருந்தால் ராணுவச் சட்டத்தில் 32-வது பிரிவு ஒன்று இருக்கிறது, வக்கீல்களுக்கே சில சமயம் தெரிவதில்லை. வழக்குக்காக லீவு எடுத்திருக்கிறார் என்று உரிய ராணுவ அதிகாரியின் சான்றிதழைக் காட்டினால், முடிந்தவரை அந்த லீவுக்குள்ளேயே வழக்கைக் கேட்டு முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். லீவில் கிளம்பும்போதே இந்தச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், ஊருக்கு வந்தபிறகு கேட்டால் லீவு முடிந்துதான் கையில் வரும்.

லீவு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இங்கே சட்டம் உங்களுக்கு அதிகம் உதவாது. ரெகுலர் ஜவானுக்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் என்று கணக்கு இருந்தாலும், எப்போது என்பதை யூனிட்டின் நிலைமைதான் முடிவு செய்யும், தீர்ப்பாயமும் கேட்காது. அதனால் வேலை செய்வது முன்யோசனைதான். கல்யாணத் தேதி குறித்த அன்றைக்கே, பத்திரிகை அடிப்பதற்கு முன்னாலேயே, எழுத்தில் விண்ணப்பம். பத்திரிகை வந்ததும் அதை இணைத்து நினைவூட்டல். உங்கள் இடத்தில் டியூட்டி பார்க்க ஒத்துக்கொண்ட ஆளின் பெயரையும் நீங்களே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது, லீவ் ரோல் போடுபவருக்கும் தலைவலி குறையும். லீவு கிடைக்காமல் மனசு ரொம்பக் கெட்டுப்போனால், தூக்கமே இல்லை என்றால், அதை மறைக்காமல் யூனிட் டாக்டரிடமோ கூட இருப்பவரிடமோ சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அது புகார் இல்லை, யாருக்கும் எதிரானதும் இல்லை.

நம்ம பையன் விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் இரண்டு குறை இருந்தது, லீவு ஒன்று, அடி ஒன்று. இரண்டையும் பிரிக்கச் சொன்னேன். லீவுக்குக் கம்பெனி கமாண்டர் இன்டர்வியூ, அடிக்கு 26-ன் கீழ் தனிக் கடிதம். அன்றைக்கே எம்ஐ ரூம் போனாயா என்று கேட்டேன், போகவில்லை. சரி, பார்த்தவர்கள் யார்? இரண்டு பேர், ஒருவர் சொல்வார், இன்னொருவர் சந்தேகம். அதையும் உள்ளபடியே எழுது என்றேன். மூன்று நாள் கழித்துக் கடிதத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். ஒரே பக்கம், நிதானமாக, நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே எழுதியிருந்தான். கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் தேதி போட மறந்திருந்தான்.